டவர் இல்லாத மலையில வழி காட்டுற போன்: கொடைக்கானல் பக்கம் ஓபன் சோர்ஸ் மேப் செட் பண்ண முழு வழிகாட்டி

பழனி மலைக்கு மேல போனா மேப் ஏமாத்திருச்சுன்னு நிறைய பேர் சொல்றாங்க, அவங்க கிட்ட முதல்ல கேக்க வேண்டியது எது ஏமாத்துச்சுங்கறதுதான். நீங்க எங்க நிக்கிறீங்கன்னு கண்டுபிடிக்கிறது ஜிபிஎஸ் சிப்பு. ரோடு எங்கெங்க இருக்குன்னு வச்சிருக்கிறது மேப் டேட்டா. எந்த ரோட்டுல போறதுன்னு முடிவு பண்றது ரூட்டிங் இன்ஜின். மூணும் வேற வேற வேலை, மூணும் தனித்தனியா சொதப்பும். சாதா போன்ல மூணையும் ஒரே ஆப்புக்குள்ள வச்சு மூடிக் குடுத்துடறதால எதுல கோளாறுன்னே தெரியாது. லினக்ஸ் போன்லயோ கூகுள் இல்லாத ஆண்ட்ராய்டுலயோ இந்த மூணையும் நாமளே ஒன்னொன்னா வைக்கணும், கொஞ்சம் மெனக்கெடணும்தான், ஆனா பூம்பாறை தாண்டி ஒரு வளைவுல அம்புக்குறி அப்படியே நின்னுச்சுன்னா எதைத் தட்டிப் பாக்கணும்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.

இந்த வழிகாட்டி பூரா கீழ வத்தலகுண்டுலயோ பழனிலயோ நல்ல நெட் இருக்கும்போதே முடிக்க வேண்டிய வேலை. மேல போயி இறக்கிக்கலாம்னு மட்டும் நினைக்காதீங்க.

முதல்ல போன் எதுன்னு பாருங்க

ரெண்டு வகை. ஒன்னு லினியேஜ்ஓஎஸ் மாதிரி கூகுள் சமாச்சாரம் இல்லாம போட்ட ஆண்ட்ராய்டு, இதுல ஜிபிஎஸ் டிரைவர் கம்பெனி குடுத்ததே ஓடும், பிரச்சனை கம்மி. இன்னொன்னு நெசமான லினக்ஸ் போன், அதாவது பைன்போன், லிப்ரெம் 5, இல்ல பழைய போன்ல போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் போட்டது. இந்த கடைசி வகைல போன் வாங்குறதுக்கோ ஃபிளாஷ் பண்றதுக்கோ முன்னாடி போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் விக்கில அந்த மாடலுக்கு ஜிபிஎஸ்ங்கற வரில என்ன போட்டிருக்குன்னு பாத்துட்டு இறங்குங்க, கால் போகும் கேமரா வரும் ஆனா ஜிபிஎஸ் மட்டும் வராதுங்கற மாடல் ஏகப்பட்டது இருக்கு.

பைன்போன்ல ஜிபிஎஸ் தனியா கிடையாது, சிம் சிக்னல் பிடிக்கிற மோடம் சிப்புக்குள்ளயே இருக்கு, குவெக்டெல் இஜி25-ஜி மோடம். அதனால பின்பக்க மூடியக் கழட்டுனா தெரியுற குட்டி சுவிட்சுல மோடத்த ஆஃப் பண்ணீங்கன்னா ஜிபிஎஸ்ஸும் சேந்து போயிரும். சார்ஜ் மிச்சம் பண்ணுவோம்னு மோடத்த அணைச்சுட்டு மேப்பு ஏன் வரலன்னு தேடக்கூடாது. லிப்ரெம் 5ல எஸ்டி மைக்ரோவோட டெசியோ சிப்பு தனியா இருக்கு, சிம் இல்லாமலே இடம் காட்டும், ஆனா பக்கவாட்டு மூணு சுவிட்சையும் சேத்து ஆஃப் பண்ணா ஜிபிஎஸ், சென்சார் எல்லாமே அணைஞ்சுரும்.

உங்க போன்ல ஜிபிஎஸ்ஸே வேலை செய்யலன்னா கவலைப்பட வேணாம், யூப்ளாக்ஸ் சிப்பு வச்ச யூஎஸ்பி ஜிபிஎஸ் ரிசீவர் கிடைக்குது, ஓடிஜி கேபிள்ல சொருகி ஜிபிஎஸ்டிங்கற சர்வீஸ ஓட விட்டா போதும். பாக்க அசிங்கமா தொங்கும், ஆனா பைக் டேங்க் மேல வானம் பாத்து ஒட்டி வச்சா போன் உள்ள இருக்கிற சிப்ப விட நல்லாவே பிடிக்கும்.

ஜிபிஎஸ்: இங்கதான் பாதி பேர் தோக்குறாங்க

சாட்டிலைட் பூமிக்கு மேல 20,200 கிலோமீட்டர்ல சுத்துது, அது நமக்கு அனுப்புற டேட்டா வேகம் விநாடிக்கு 50 பிட்டுதான். சொட்டு நீர்ப் பாசனம் மாதிரி. ஒரு சாட்டிலைட் இப்ப சரியா எங்க இருக்குங்கற தகவல் முழுசா வர கிட்டத்தட்ட 30 விநாடி ஆகும், எல்லா சாட்டிலைட்டும் தோராயமா எங்கங்கன்னு சொல்ற பட்டியல் முழுசா இறங்க 12.5 நிமிஷம். அந்த 30 விநாடி நடுவுல சிக்னல் அறுந்துச்சுன்னா விட்டுப்போன துண்டு மறுபடி வர்ற வரைக்கும் காத்திருக்கணும். இப்ப யோசிச்சுப் பாருங்க, ஒரு பக்கம் பாறைச் செவுரு, மேல மரம், வண்டி வளைஞ்சு வளைஞ்சு ஏறுது, எங்கிட்டு தொடர்ச்சியா 30 விநாடி வானம் தெரியும்? குறைஞ்சது நாலு சாட்டிலைட்டாவது சேந்தாதான் இடமே வரும்.

சாதா போன் இந்தத் தகவல நெட்ல இருந்து ஒரே நொடில எடுத்துக்குது, அதுதான் ஏ-ஜிபிஎஸ். பைன்போன்ல இந்த வேலையப் பாக்குறது இஜி25-மேனேஜர்ங்கற புரோகிராம், நெட் இருக்கும்போது அது ஃபைல எடுத்து மோடத்துக்குள்ள ஏத்தி வைக்கும். நெட் இல்லாத இடத்துல போன ரீஸ்டார்ட் பண்ணீங்கன்னா பழையபடி வானத்தப் பாத்து உக்காந்திருக்க வேண்டியதுதான்.

ஆகவே செய்ய வேண்டியது இது. வத்தலகுண்டு தாண்டி மலை ஏறுறதுக்கு முன்னாடி டீக்கு நிப்பாட்டுற இடத்துல, கூரைக்கு வெளில, டேட்டா ஆன்ல வச்சு லொக்கேஷன ஆன் பண்ணி இடம் பிடிக்கிற வரைக்கும் விடுங்க. லினக்ஸ் போன்ல சாட்டிலைட்டுன்னே பேரு வச்ச ஒரு சின்ன ஆப் இருக்கு, ஆண்ட்ராய்டுல ஜிபிஎஸ்டெஸ்ட், ரெண்டுலயும் எத்தனை சாட்டிலைட் தெரியுது, ஒவ்வொன்னும் எவ்வளவு பலம்னு காட்டும். பலம் 30க்கு மேல நாலஞ்சு இருந்தா கிளம்பலாம், எல்லாமே 20ஐ ஒட்டி இருந்தா நீங்க ஏதோ கூரைக்குக் கீழ நிக்கிறீங்க. பிடிச்சதுக்கப்புறம் அணைக்காதீங்க, அந்தத் தகவல் சுமார் நாலு மணி நேரம் தாங்கும், நடுவுல மரத்துக்கடியில விட்டுப்போனாலும் வெளில வந்ததும் சட்டுனு பிடிச்சுக்கும்.

லினக்ஸ் போன்ல மேப் ஆப்புல மட்டும் இடம் வரல, சாட்டிலைட் ஆப்புல வருதுன்னா கோளாறு நடுவுல இருக்கிற ஜியோக்ளூல. மோடம்மேனேஜர் சிப்புகிட்ட இருந்து வாங்கி ஜியோக்ளூகிட்ட குடுக்கும், ஜியோக்ளூ ஆப்புக்குக் குடுக்கும், அதுதான் சங்கிலி. செட்டிங்ஸ்ல லொக்கேஷன் அனுமதி அந்த ஆப்புக்கு இருக்கான்னு பாருங்க, முக்காவாசி அதுதான். சுத்தி இருக்கிற வைஃபை, டவர வச்சு இடம் சொல்றதுக்கு ஜியோக்ளூ முன்னாடி மொசில்லா லொக்கேஷன் சர்வீஸ நம்பிட்டு இருந்துச்சு, அத 2024ல இழுத்து மூடிட்டாங்க, இப்ப அந்த இடத்துக்கு பீக்கன்டிபி வந்திருக்கு. மலைல இதையெல்லாம் எதிர்பாக்காதீங்க. நாலு வீடு உள்ள ஊருல எந்த வைஃபைய வச்சு அது கணக்குப் போடும்?

உயரம் தப்பாக் காட்டுதுன்னு ஒரு புகார் அடிக்கடி வரும். கொடைக்கானல் 2,100 மீட்டர் சொச்சம்னு எல்லாருக்கும் தெரியும், போன்ல பாத்தா 2,000 பக்கத்துல நிக்கும். சிப்பு கெட்டுப்போகல. ஜிபிஎஸ் உயரத்த அளக்குறது கணக்குல வரைஞ்ச ஒரு உருண்டைல இருந்து, நெசமான கடல் மட்டம் நம்ம ஊர்ப்பக்கம் அந்த உருண்டைக்குக் கீழ சுமார் 90 மீட்டர் இறங்கி இருக்கு. இலங்கைக்குத் தெக்க இந்தியப் பெருங்கடல்ல இது 106 மீட்டர் வரைக்கும் போகுது, உலகத்துலயே ஆழமான பள்ளம் அதுதான், நாம அந்தச் சரிவுல உக்காந்திருக்கோம். ஓஎஸ்எம்ஆண்ட்ங்கற மேப் ஆப்புல (பின்னாடி வருது) உலக உயரத் திருத்தம்னு ஒரு ஃபைல் டவுன்லோட் லிஸ்ட்ல இருக்கும், அத இறக்கிட்டா சரியாயிரும். டிரெக்கிங் போறவங்க இத விடாம செஞ்சுடுங்க.

மேப்பு இறக்குறது

நாம பேசப்போற எல்லா ஆப்புக்கும் மேப்பு ஒன்னுதான், ஓபன்ஸ்ட்ரீட்மேப், 2004ல ஆரம்பிச்சது, யார் வேணா திருத்தலாம். ஆப்புக்கு ஆப் அத வேற மாதிரி பொட்டலம் கட்டித் தர்றாங்க, ஒரு ஆப்போட ஃபைல் இன்னொன்னுல ஓடாது.

தமிழ்நாடு மட்டும் இறக்குனா பத்தாது, கேரளாவும் இறக்குங்க. கிளாவரை, கவுஞ்சி பக்கம் போனவங்களுக்குத் தெரியும், எல்லை கூப்பிடு தூரத்துல இருக்கு, தமிழ்நாடு ஃபைல் முடியுற இடத்துல அங்கிட்டு பூரா வெறும் திட்டாத் தெரியும், மறையூர் மூணாறு பக்கம் எந்த மலை எந்தப் பள்ளம்னு ஒன்னும் புரியாது.

சமஉயரக் கோடு தனி ஃபைல், அதையும் சேத்து இறக்குங்க. எஃப்-டிராய்டுங்கற ஓபன் சோர்ஸ் ஆப் கடைல இருந்து போட்ட ஓஎஸ்எம்ஆண்ட்ல (பேருக்குப் பின்னாடி ஒரு அலைக்குறி இருக்கும்) காசில்லாம இது கிடைக்கும், எத்தனை மேப்புன்னு கட்டுப்பாடும் கிடையாது. அந்தக் கோடுகளுக்கு ஆதாரம் பெரும்பாலும் 2000 பிப்ரவரில விண்வெளி ஓடத்துல இருந்து ரேடார் வச்சு எடுத்த அளவு, சோலைக்காட்டுல அது தரைய அளக்காம மர உச்சிய அளந்திருக்கும், அதனால அடர்ந்த காட்டுக்குள்ள பத்து மீட்டர் அங்க இங்க இருந்தா சண்டை போடாதீங்க.

தேடுறதுல ஒரு விஷயம். மலைல வீட்டு நம்பர் தெருப்பேரு வச்சு எதுவும் கிடைக்காது, ஊர்ப்பேரே இங்கிலீஷ் எழுத்துல நாலு விதமா இருக்கும், பூம்பாறைக்கு ஓ ரெண்டா யூ ஒன்னான்னு மாத்தி மாத்திப் போட்டுப் பாக்கணும். தமிழ்லயே அடிச்சுப் பாருங்க, பல ஊருக்குத் தமிழ்ப்பேரு ஏத்தி இருக்கு. தங்குற வீட்டுக்காரர் கிட்ட பேச்சுல வழி கேக்குறதோட அவர் நிக்கிற இடத்தோட அட்சரேகை, தீர்க்கரேகை எண்ணையும் வாங்கிக்கங்க. கொடைக்கானல் பக்கம்னா முதல் எண் 10ல ஆரம்பிக்கும், ரெண்டாவது 77ல. மாத்திப் போட்டா ஸ்வால்பார்ட் தீவுக்கு மேக்க பனிக்கடல்ல கொண்டு போயி விடும், ரூட் கிடைக்கலன்னு ஆப்பு சொன்னா முதல்ல இதப் பாருங்க.

எந்த ஆப்பு

ஆண்ட்ராய்டு அடிப்படைல இருக்கிற போனுக்கு நான் சொல்றது ரெண்டு ஆப் வைங்க. ரோட்டுல ஓட்டுறதுக்கு ஆர்கானிக் மேப்ஸ் இல்ல கோமேப்ஸ், நடக்குறதுக்கு ஓஎஸ்எம்ஆண்ட். ஆர்கானிக் மேப்ஸ் பழைய மேப்ஸ்.மீ-ல இருந்து பிரிஞ்சு வந்தது, அதோட நிர்வாகத்துல மனஸ்தாபம் வந்து 2025ல கோமேப்ஸ் பிரிஞ்சுச்சு, பயன்படுத்துறவனுக்கு ரெண்டும் இப்போதைக்கு அண்ணன் தம்பிதான். வேகமா திறக்கும், பேட்டரி கம்மியா குடிக்கும், செட்டிங்னு பெருசா ஒன்னும் இல்ல. ஓஎஸ்எம்ஆண்ட் அதுக்கு நேர்மாறு, மெனுவுக்குள்ள மெனு, பழைய போன்ல மெதுவா வரும், ஆனா மலைக்கு வேணுங்கறது எல்லாம் அதுலதான் இருக்கு.

லினக்ஸ் போனுக்கு என் ஓட்டு ப்யூர் மேப்ஸும் ஓஎஸ்எம் ஸ்கவுட் சர்வரும் சேந்த ஜோடிக்குத்தான். க்னோம் மேப்ஸ் அழகா இருக்கும், முன்னாடியே போன்ல வந்திருக்கும், ஆனா வழி கேட்டா நெட்ல இருக்கிற கிராஃப்ஹாப்பர்ங்கற ரூட்டிங் சர்வர் கிட்ட போயி கேக்கும், டவர் போச்சுன்னா அதுவும் போச்சு. ஆகவே ஜோடிய எப்படிப் போடறதுன்னு பாப்போம்.

ரெண்டையும் ஃபிளாட்ஹப்ங்கற லினக்ஸ் ஆப் கடைல இருந்து போடுங்க (உபுண்டு டச்காரங்க ஓபன்ஸ்டோர்ல). ஸ்கவுட் சர்வர் மேப்பையும் வழிக்கணக்கையும் போனுக்குள்ளயே வச்சுக்கிட்டு பின்னாடி ஓடுற சர்வர், ப்யூர் மேப்ஸ் அதக் கேட்டு திரைல வரையுற முகம். முதல்ல ஸ்கவுட் சர்வரத் திறங்க, எந்த மாதிரி வேணும்னு புரொஃபைல் கேக்கும், வெக்டர் மேப்பு வர்ற முதல் புரொஃபைலே போதும். அப்புறம் மேப் மேனேஜர்ல போயி ஆசியா, இந்தியான்னு இறங்கி வேண்டிய பகுதிய டிக் பண்ணி இறக்குங்க. அதோட உலக மேப்புன்னு அடிப்படை ஃபைல் ஒன்னும், முகவரி பிரிச்சுப் படிக்கிற டேட்டாவும் கேக்கும், குடுத்துடுங்க, இடம் அதிகமா அடைக்கும்னா எஸ்டி கார்டுல ஃபோல்டர மாத்திக்கலாம். இறங்கி முடிஞ்சதும் செட்டிங்ஸ்ல தானா தொடங்குற வசதிய ஆன் பண்ணிட்டா ப்யூர் மேப்ஸ் கூப்பிடும்போது சர்வர் தானா எந்திரிக்கும். கடைசியா ப்யூர் மேப்ஸ்ல புரொஃபைல ஆஃப்லைனுக்கு மாத்துங்க. இத மறந்துட்டு ஜிபி கணக்குல மேப்ப இறக்கி வச்சுட்டு மேல போயி வெள்ளைத் திரையப் பாத்துட்டு நிக்கிறவங்கதான் ஜாஸ்தி.

சோதனை: ஏரோபிளேன் மோட் போடுங்க, வைஃபையும் அணைங்க, வத்தலகுண்டுல இருந்து மன்னவனூருக்கு வழி கேளுங்க. வந்துச்சுன்னா ரெடி. வரலன்னா கீழ இருக்கும்போதே தெரிஞ்சுருச்சேன்னு சந்தோஷப்படுங்க.

ரூட்டிங் சொல்றத எவ்வளவு நம்பலாம்

ஸ்கவுட் சர்வர்ல வால்ஹல்லா, ஓஎஸ்எம்ஆண்ட்ல அதோட சொந்த இன்ஜின், பேரு எதுவா இருந்தாலும் வேலை ஒன்னுதான், ரோட்டோட தரத்தப் பாத்து ஒரு வேகத்த ஊகிச்சு நேரத்தக் கூட்டும். கொண்டை ஊசி வளைவுல எதுக்க பஸ் வந்தா ரிவர்ஸ் எடுக்கணும், மூட்டத்துல லைட்டப் போட்டு ஊரணும், காட்டுமாடு குறுக்க நிக்கும், இதெல்லாம் அதுக்குத் தெரியாது. அது சொல்ற நேரத்தோட பாதிய கூட சேத்துக்கங்க. ஓஎஸ்எம்ஆண்ட்ல வண்டி புரொஃபைல்ல வேகத்தக் குறைச்சு வச்சா கொஞ்சம் ஒழுங்காச் சொல்லும்.

இத விடப் பெரிய ஆபத்து தூரம் கம்மின்னு காட்டுற ரோடு. பெருமாள்மலைல இருந்து அடுக்கம் வழியா கும்பக்கரை, பெரியகுளம் இறங்குற ரோடு மேப்புல பாத்தா ஆசையா இருக்கும், தேனி பக்கம் போறவங்களுக்கு நல்ல குறுக்கு, ஆனா குறுகல், செங்குத்து, மழைக்காலத்துல மண் சரியும். போறதுக்கு முன்னாடி பெருமாள்மலை டீக்கடைல கேட்டுட்டு போங்க. பேரிஜம் பக்கம் இன்னும் மோசம். அங்கிருந்து டாப் ஸ்டேஷன், மூணாறு போன பழைய ரோட்டோட தடம் மேப்புல இருக்கு, ஆனா மூடி பல வருஷம் ஆச்சு, பேரிஜம் ஏரி வரைக்கும் போறதுக்கே வனத்துறை பெர்மிட் வேணும். மேப்புல அந்தத் துண்டுக்கு அனுமதி இல்லைங்கற குறிப்பு விட்டுப்போயிருந்தா எந்த இன்ஜினும் கூசாம அதுல அனுப்பும். கொடைக்கானல்ல இருந்து மூணாறுக்குக் கேட்டு, கீழ இறங்காமலே ரூட் வந்துச்சுன்னா அதுல போகாதீங்க.

எஸ்டேட் ரோடும் அப்படித்தான். தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காபித் தோட்டத்துக்குள்ள போற ஜீப்பு ரோடு எல்லாம் மேப்புல கோடாத்தான் இருக்கும், நடுவுல கேட்டு இருக்கறது பல இடத்துல ஏத்தாம இருக்கும். செட்டிங்ஸ்ல தார் போடாத ரோட்டத் தவிர்ங்கறத ஆன் பண்ணுங்க, தனியார் ரோட்ட அனுமதிங்கறது ஆஃப்ல இருக்கான்னு பாருங்க. அதுக்கப்புறமும் சந்தேகம்னா நடுவுல ஒரு ஊர வழிப்புள்ளியாச் சேத்து அந்த வழியாத்தான் போகணும்னு கட்டாயப்படுத்துங்க.

இ-பாஸ் இருக்குங்கறதும் மேப்புக்குத் தெரியாது. மெட்ராஸ் ஹைகோர்ட் உத்தரவுப்படி 2024 மே 7ல இருந்து கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் வெளியூர் வண்டிக்கு வந்தது, டவர் இல்லாத செக்போஸ்ட்ல நின்னு விண்ணப்பம் போடற நிலமைய வச்சுக்காதீங்க.

நடக்கும்போது

டிராக் பதிவு பண்றத ஆரம்பத்துலயே ஆன் பண்ணிடுங்க, வழி தப்புனா வந்த கோட்டப் பிடிச்சே திரும்பிரலாம், ஜிபிஎக்ஸ் ஃபைலா சேவ் ஆகும். ஆண்ட்ராய்டுல பேட்டரி சேமிப்புங்கற பேர்ல சிஸ்டமே ஆப்ப நடுவுல கொன்னுரும், அந்த ஆப்புக்கு மட்டும் கட்டுப்பாட்ட எடுத்து விடுங்க. லினக்ஸ் போன்ல திரை அணைஞ்சு கொஞ்ச நேரத்துல போன் முழுசாத் தூங்கிரும், அதோட பதிவும் நின்னுரும், அதனால தானா சஸ்பெண்ட் ஆகுறத நிப்பாட்டி வைக்கணும். அப்படி வச்சா பேட்டரி கரையும். பைன்போன்காரங்களுக்கு ஒரு கொடுப்பினை, அதோட பேட்டரி சாம்சங் ஜே7 போன்ல போடற அதே அளவு, எந்தச் செல்போன் கடைலயும் ஸ்பேர் கேட்டு வாங்கிப் பைல போட்டுக்கலாம். மத்தவங்க பவர் பேங்க். ராத்திரி குளிர்ல சார்ஜ் சட்டுனு இறங்கும், போன ஸ்வெட்டருக்குள்ள வைங்க.

நிக்கும்போது அம்புக்குறி அங்கிட்டும் இங்கிட்டும் ஆடும், அத நம்பித் திரும்பாதீங்க. நாலு எட்டு நேரா நடங்க, நடக்குற திசைய வச்சு அது நேராகும்.

மேப்புல தப்பு இருந்தா

கேட்டு இருக்கிற இடம், மூடுன ரோடு, பேரு இல்லாத ஊரு, இதையெல்லாம் பாத்தீங்கன்னா குறிச்சு வச்சுக்கிட்டு வந்து ஏத்துங்க. ஆண்ட்ராய்டுல ஸ்ட்ரீட்கம்ப்ளீட் கேள்வி கேட்டுக் கேட்டே வாங்கிக்கும், புதுசா திருத்துறவங்களுக்கு அதுதான் லேசு. ரோட்டுல கை வைக்கணும்னா வெஸ்புச்சி, இல்ல வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர்ல பிரவுசர்லயே திருத்தலாம். மூடுன ரோட்ட அழிக்காதீங்க, அழிச்சா சாட்டிலைட் படத்தப் பாத்து வேற எவனாவது மறுபடி வரைஞ்சுருவான், ரோடு அப்படியே இருக்கட்டும், போக அனுமதி இல்லன்னு மட்டும் குறிப்பு சேருங்க. கூகுள் மேப்பப் பாத்துக் காப்பி அடிக்கவே கூடாது, அது லைசென்ஸ் பிரச்சனை, நீங்க கண்ணால பாத்தது, இல்ல அங்க இருக்கிற போர்டுல இருந்தது மட்டும்தான். பேரு ஏத்தும்போது தமிழ்லயும் சேத்துப் போடுங்க.

ஏத்துன உடனே உங்க போன்ல வராது. ஓஎஸ்எம்ஆண்ட் மேப்பு மாசத்துக்கு ஒருக்கா புதுசாகும், அவசரம்னா மணிக்கணக்குல அப்டேட் ஆகுற லைவ் வசதி இருக்கு, ஸ்கவுட் சர்வர் ஃபைல் அத விட மெதுவா வரும். மறுபடி மலை ஏறப் போறீங்கன்னா முந்தின ராத்திரி மேப்ப ஒருக்கா அப்டேட் பண்ணிட்டு, அந்த ஏரோபிளேன் மோட் சோதனையத் திரும்பப் போட்டுப் பாத்துடுங்க, ஏன்னா அப்டேட் பாதில நின்னா ஸ்கவுட் சர்வர்ல மேப்பு தெரியும், வழி மட்டும் வராது.